வளர்கிற பிள்ளைக்கு வாங்கிய வண்டி

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் இப்போது முழங்கால்தான் கதை. முன்பு பிள்ளைகளின் சோதனை முடிவு, பிறகு அவர்களுடைய கலியாணப் பேச்சு, பிறகு விசா. எல்லாம் ஓய்ந்து கடைசியில் கதை எங்கள் கால்களிலேயே வந்து நிற்கிறது. இல்லையென்று ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டாம். கோயிலுக்குள் போனவுடன் சாமியைத் தேடாமல் சாய்வதற்குத் தூணைத் தேடுகிற கூட்டம்தானே நாங்கள்.

அதனால் கனடாவில் இருக்கிற என் மகன் போனில் வந்து, "அம்மா, உங்களுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு மூண்டு சில்லுச் சைக்கிள் எடுப்பம். மோட்டர் பூட்டினால் உழக்கத் தேவையில்லை," என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெரியம்மா என்று அவன் சொன்னது என் அக்காவை. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு அவளுக்கு இரண்டு காலும் வழங்காமல் போய்விட்டன. என் கணவர் காலமானபிறகு உடுவில் வீட்டில் அவளும் நானும்தான். அவளுக்குச் சக்கர நாற்காலி, எனக்கு முழங்கால் நோ. வீட்டுக்கு ஆரும் வந்தால் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது யார் என்று எங்களுக்குள் ஒவ்வொரு நாளும் ஒரு வழக்கு நடக்கும்.

மகன் அந்தக் கிழமை தன் பிள்ளைக்கும் ஒரு மூன்று சில்லுச் சைக்கிள் தேடிக்கொண்டிருந்தான். மூன்று வயதுக் குஞ்சு அது. கடை கடையாய் அவளைக் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் இருத்தி, கால் எட்டுகிறதா, கை எட்டுகிறதா, திருப்பும்போது சரிகிறாளா என்றெல்லாம் பார்த்து, அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினான். "பிள்ளையை இருத்திப் பாக்காமல் வாங்கக் கூடாது, அம்மா. அளவு பிழைச்சால் அதுக்கு வண்டியிலேயே வெறுப்பு வந்திடும்," என்றான். போன் சத்தமாய் வைத்திருந்தது. பக்கத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அக்கா தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

மகனுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லலாம். தோட்டம் பார்த்த தகப்பன்மாரும் எல்லாம் தெரிந்த மாமன்மாரும் உங்கள் வீடுகளிலும் இருந்திருப்பார்கள், அதனால் நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

நாங்கள் அப்போது உரும்பிராயில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. தகப்பனை ஐயா என்று கூப்பிடுகிற வீடு. ஐயா வெங்காயமும் புகையிலையும் செய்தவர். விடியத் தோட்டத்துக்கு இறைத்துவிட்டு வந்து, கிணற்றடியில் மேலைக் கழுவி, அக்காவைத் தன் சைக்கிள் பாரில் இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோவார். பாரில் அவளுக்கென்று ஒரு சின்னப் பலகை பூட்டியிருந்தது. வகுப்புக்குள் தூக்கிக்கொண்டு போய் வாங்கில் இருத்திவிட்டு வருவார். மத்தியானம் திரும்பவும் போய்த் தூக்கிக்கொண்டு வருவார். அக்காவின் வெள்ளைச் சட்டையில் எப்போதும் புகையிலை மணக்கும். "எனக்குப் பக்கத்தில இருக்கிற பிள்ளையள் தும்முதுகள், ஐயா," என்று அவள் முறைப்பாடு சொல்வாள். ஐயா அதைக் கேட்டுச் சிரிப்பார்.

அக்கா கணக்கில் விண்ணி. கூடப்பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவளுடைய கணக்கு ரீச்சர் மேல் வகுப்புப் புத்தகங்களை அவளுக்கு மட்டும் கொடுத்துவிடுவா. பின்னேரங்களில் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, பென்சிலின் பின்பக்கத்தைச் சப்பியபடி அவள் அதைச் செய்துகொண்டிருப்பாள். நான் பக்கத்தில் இருந்து புளியங்கொட்டை சுண்டி அவளைக் குழப்புவேன். தானும் ஒரு கணக்கு ரீச்சராய் வருவதென்பது அவளுடைய முடிவு. நின்று படிப்பிக்க முடியாதே என்று நான் கேட்டால், "கரும்பலகையைக் கீழை இறக்கிப் பூட்டச் சொல்லுவன். பிள்ளையள் எழும்பி நிண்டு பாக்கட்டும்," என்பாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வீட்டில் பெரியவர்களுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அதை நேரே சொல்லமாட்டார்கள். "இன்னும் கொஞ்ச நாளில..." என்று அம்மா தொடங்கி நிறுத்துவா. அக்கா பெரிய பிள்ளையாகிவிட்டால் ஐயா அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள்ளால் போக முடியாது. தகப்பன்தானே என்றாலும் அந்தக் காலத்தில் அது அப்படித்தான். நாலு பேர் பார்க்க அவளைத் தூக்கி இறக்குவதற்கும் ஐயாவுக்குக் கூச்சம் வந்துவிடும். அதற்கு முன்னம் அவள் தானாய்ப் போய் வர ஒரு வழி செய்யவேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் முடிந்தது. ஒன்பது வயதில் எனக்கே இது விளங்கியிருந்தது என்றால் அவளுக்கு எவ்வளவு விளங்கியிருக்கும்.

அந்த வருடம் புகையிலை நன்றாய் வந்தது. ஐயா ஒரு மூன்று சில்லு வண்டி எடுப்பதென்று தீர்மானித்தார். பட்டணத்தில் ஒரு இரும்புப் பட்டறையில் அது செய்தார்கள். காலால் உழக்குவதற்குப் பதில் நெஞ்சுக்கு நேரே இரண்டு கைபிடி இருக்கும், கையால் சுற்றினால் சங்கிலி முன்சில்லை இழுக்கும். இரண்டு அளவில் கிடைக்கும், சிறுவருக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. எதை எடுப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒரு கிழமை நடந்தது. அம்மாவின் தமையன், எங்கள் மாமா, அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். அவரைக் கேளாமல் எங்கள் வீட்டில் ஒரு கோழிக்கூடுகூடக் கட்டமாட்டார்கள்.

மாமா வெற்றிலைத் தட்டத்துக்கு முன்னால் சம்மாணம் கட்டி இருந்துகொண்டு சொன்னார்: "வளர்ற பிள்ளைக்கு ஆரும் அளவாய் வாங்குவினமோ, மச்சான்? சின்னதை எடுத்தால் ரண்டு வரியத்தில இடிக்கும். பிறகு அதை என்ன செய்யிறது? கோழி அடைக்கிறதோ?"

நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். நீங்களும் அப்படித்தான் வளர்ந்தீர்கள். எங்களுக்கு எந்தச் சாமான்தான் அளவாய் வந்தது? பள்ளிக்கூடச் சட்டையின் ஓரத்தில் சாண் அகலத்துக்கு மடித்துத் தைத்திருப்பார்கள், வருடம் வருடம் ஒரு மடிப்பாய் அவிழ்ப்பதற்கு. மடிப்பு அவிழ்ந்த இடம் மட்டும் புதுத் துணியின் நிறத்தில் கோடாய்த் தெரியும். சப்பாத்துக்குள் பஞ்சு அடைவார்கள். பஞ்சு தேவைப்படாத அளவுக்குக் கால் வளரும்போது சப்பாத்து வாயைப் பிளந்துவிடும். வருடத்தில் பாதி நாள் பெரிதான உடுப்பிலும் மிச்சப் பாதி இறுகின உடுப்பிலும் திரிந்தோம். ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதனால் வண்டியையும் அப்படி எடுக்கலாம் என்று நினைத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கும் அது சரியாய்ப் பட்டது. ஐயா கொஞ்சம் யோசித்தார். "பிள்ளையை ஒருக்காக் கொண்டுபோய் இருத்திப் பாப்பமோ?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். "அவளைத் தூக்கிக்கொண்டு பட்டணம் முழுக்கத் திரியப் போறியளோ? சனம் பாக்கும்," என்று அம்மா சொன்னா. அதோடு அந்தக் கதை முடிந்தது. பிறகு வாழ்நாள் முழுக்க ஐயா அந்த ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்ப யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் கேட்காத சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டவர் அவர்.

வண்டி வந்த நாள் வீட்டுக்கு முன்னால் குறுகலான ஒழுங்கை முழுக்கச் சனம். பச்சைப் பெயின்ற் காயாத மணம். இருக்கைக்குக் கறுப்பு றெக்சீன் போட்டிருந்தது, வெயிலில் சுட்டது. மணி இருந்தது. நான்தான் முதலில் அந்த மணியை அடித்தேன். ஐயா அக்காவைத் தூக்கி இருத்தினார். சாய்மானத்தில் முதுகை வைத்தால் கை கைபிடியில் முட்டவேயில்லை. முன்னுக்குத் தள்ளி இருந்தாள். கைபிடி தன்பக்கம் வரும்போது பிடிக்க முடிந்தது, சுற்றி அங்கால் போகும்போது கை விட்டுப்போனது. திரும்பப் பிடித்தாள், திரும்ப விட்டுப்போனது. சுற்றி நின்றவர்கள் "மெல்ல மெல்லப் பழகீடும்" என்றார்கள். அக்கா எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். ஐயாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

முதுகுக்குத் தலையணை வைத்தோம். தலையணை நெரிந்தது, பலகை வைத்தோம். பலகை வைத்தபிறகு கை எட்டியது, ஆனால் சுற்றுவதற்குப் பலம் காணவில்லை. பெரியவர்களின் தோளுக்குச் செய்த வண்டி அது. முற்றத்தைத் தாண்டி வாசற்படலை வரைக்கும் போவதற்குள் உள்ளங்கை இரண்டும் சிவந்து கொப்பளித்துவிடும். ஒழுங்கையில் செம்மண் புழுதிக்குள் சில்லு இறங்கினால் அசையாது. நான் பின்னால் நின்று என் பலம் எல்லாம் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். சில்லு சுற்றவில்லை, என் கால்தான் சறுக்கியது. "விடடி, நீ விழுந்து பல்லை உடைச்சால் அதுக்கும் எனக்குத்தான் பேச்சு விழும்," என்றாள் அக்கா.

"கொஞ்ச நாள் பொறு, பிள்ளை. கை நீளும்," என்றார் ஐயா.

அன்றிலிருந்து அக்காவின் கையை வளர்ப்பதுதான் எங்கள் வீட்டு வேலையாய்ப் போனது. கிணற்றடிக் கொய்யாவில் ஒரு கிளை தாழ்வாய் இருந்தது. நான் அவளைத் தூக்கிப் பிடிக்க அவள் அதைப் பிடித்துத் தொங்குவாள். தொங்கினால் கை நீளும் என்பது எங்கள் கண்டுபிடிப்பு. அவள் தொங்க, நான் கீழே நின்று அவளுடைய மெல்லிய கால்களை அணைத்துக்கொண்டு நிற்பேன். கால்கள் எப்போதும் குளிர்ந்திருக்கும். இறங்கியவுடன் அம்மாவைக் கூப்பிட்டு அவளை வண்டியில் இருத்தி, எட்டுகிறதா என்று பார்ப்போம். ஒரு நாள் எட்டியதுபோல் இருந்தது. பிறகு பார்த்தால் அவள் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து இருந்திருக்கிறாள்.

அம்மா தன் பங்குக்குச் சமைக்கத் தொடங்கினா. வளர்ற பிள்ளை வளரட்டும் என்று காலையில் பச்சை முட்டையும் அதற்கு மேல் நல்லெண்ணெயும், பின்னேரம் உழுத்தங்களி. பனங்கட்டி போட்டுக் கிண்டி, எண்ணெய் மிதக்க மிதக்க உருட்டிக் கொடுப்பா. அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டையை விழுங்குவாள். எனக்குக் களியில் ஒரு நுனி கிடைக்கும். உழுந்து வறுபடுகிற மணம் வந்தால் எனக்கு இன்றைக்கும் அந்த முற்றமும் பச்சை வண்டியும்தான் கண்ணுக்குள் வரும்.

அப்படியிருக்க ஒரு நாள் ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தா. குடையை மடக்கிக் கதவோரம் சாத்திவிட்டு, அக்காவின் கணக்குக் கொப்பியை மெச்சினா. தேத்தண்ணீர் குடித்தா. போகும்போது முற்றத்தில் நின்ற வண்டியில் அக்காவை இருக்கச் சொல்லி, சுற்றச் சொல்லிப் பார்த்தா. பிறகு ஐயாவிடம், "பிழை நினைக்காதேங்கோ. இது இவவுக்கு ஆகாது. மாத்திச் சின்னதை எடுங்கோ. வளர்ந்தபிறகு வேறை பாப்பம். இவ இப்ப போகவேணும், இப்ப," என்றா.

ஐயா தலையை ஆட்டினார். அம்மா, "அண்ணை தெரிஞ்செடுத்தது... இப்ப மாத்தினால் அண்ணைக்கு என்ன சொல்லுறது?" என்று இழுத்தா. ஐயா இரண்டொரு நாள் பட்டணத்துக்குப் போய் வந்தார். பட்டறைக்காரர் மாற்றித் தர ஒத்துக்கொண்டார் என்று அக்காவிடம் மட்டும் சொன்னார். மாமாவுக்கு எதிராய் ஐயா செய்த ஒரே காரியம் அதுதான். அக்கா அதை என் காதுக்குள் சொல்லும்போது அவளுடைய மூச்சு என் கன்னத்தில் சுட்டது. "வாற கிழமை நான் தனியப் போவன், பார்," என்றாள்.

பக்கத்து வீட்டு மாட்டுவண்டிலை ஐயா இரவல் எடுத்தார். காலையில் பச்சை வண்டியை அதில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, வெயில் ஏறமுன் புறப்பட்டார். நான் படலை வரைக்கும் பின்னால் ஓடிப்போய்க் கைகாட்டிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது வீட்டுக்குள் அம்மாவின் குரல் கேட்டது, அழுகையா சந்தோசமா என்று தெரியாத ஒரு குரல். அக்கா அறையின் மூலையில் சுவரோடு ஒட்டி இருந்தாள். அம்மா என்னைப் பார்த்தவுடன், "ஓடு! ஓடிப்போய் ஐயாவை மறி. வரச் சொல்லு. முதல்ல மாமாவுக்கெல்லோ சொல்லவேணும். ஓடு பிள்ளை!" என்றா.

நான் ஓடினேன். ஒழுங்கை முடிகிற இடத்தில் வண்டிலைப் பிடித்தேன். மூச்சு வாங்க, "ஐயா, போகவேண்டாமாம். அக்கா பெரிய பிள்ளையாயிட்டாவாம்," என்று கத்தினேன். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ளிய பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மெல்லக் கதை, பிள்ளை," என்றார் ஐயா. மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி வண்டிலில் கட்டியிருந்த வண்டியின் சில்லில் மற்றக் கையை வைத்தார். பிறகு வண்டிலைத் திருப்பினார்.

உங்களுக்குத் தெரியும், எங்கள் வழக்கத்தில் பெண் பெரிய பிள்ளையானால் முதல் சொல்லவேண்டியது தாய்மாமனுக்கு. ஐயா வீட்டுக்கு வந்து வண்டியை இறக்கி வைத்துவிட்டு, அதே மாட்டுவண்டிலில் மாமா வீட்டுக்குப் போனார். பட்டறைக்குப் போகவேண்டிய வண்டில் அது. இப்போது நினைக்கிறேன், ஐயா என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. நேரே பட்டணம் போயிருக்கவேண்டும். துடக்குத் தீட்டு ஒரு மாதத்தில் கழிந்துவிடும், மற்றப் பெண்பிள்ளைகள் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போனார்கள். சின்ன வண்டி முற்றத்தில் நின்றிருந்தால் அவளும் ஏறிப் போயிருப்பாள். ஆனால் அந்தச் செய்தியோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பெரியவர்கள் நினைத்துவிட்டார்கள். காலம் கடந்துவிட்டது என்று அவர்களாகவே தீர்த்துவிட்டார்கள். அது கடந்திருக்கவில்லை.

சடங்கு பெரிதாய் நடந்தது. மாமா ஒரு குறையும் வைக்கவில்லை. வாழை கட்டி, ஒலிபெருக்கி போட்டு, படம் பிடிக்கிறவரையும் பட்டணத்திலிருந்து கூட்டி வந்தார். கிணற்றடியில் தண்ணீர் வார்த்து, சேலை உடுத்தபிறகு அவளை எப்படிப் பந்தலுக்குக் கொண்டுவருவது என்ற கேள்வி வந்தது. இனி ஆண்பிள்ளைகள் தூக்க முடியாது. மாமாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. பச்சை வண்டியைக் கழுவி, குரோட்டன் இலையும் சரிகைக் கடதாசியும் சுற்றி, இருக்கையில் சிவப்புப் பட்டு விரித்து, அக்காவை அதில் இருத்தி மாமா பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லோரும் வடிவு வடிவு என்றார்கள். வண்டியைத் தள்ளும்போது கைபிடிகள் தாமாய்ச் சுற்றும். அக்கா பழக்கத்தில் அவற்றைப் பிடிக்கப் போனாள். காப்புப் போட்ட மணிக்கட்டில் அவை அடித்தன. "கையை மடியில வை, பிள்ளை," என்றா அம்மா. அக்கா கையை மடியில் வைத்தாள்.

அந்த வண்டி எங்கள் வீட்டில் ஓடிய முதல் முழு ஓட்டம் அதுதான், கிணற்றடியிலிருந்து பந்தல் மட்டும்.

அதன்பிறகு அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. "ஆர் தூக்கி இறக்கிறது?" என்று அம்மா கேட்டா. "நான் தள்ளிக்கொண்டு போறன்," என்று நான் சொன்னேன். "நீயும் நாளைக்குப் பெரிய பிள்ளை," என்றா அம்மா. ரீச்சர் சில மாதம் கணக்குகளை வீட்டுக்கு எழுதி அனுப்பினா. பிறகு அவவுக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. இரண்டு வருடத்தில் அக்காவின் கை நீண்டது, மாமா சொன்னது சரிதான். பலகை இல்லாமலே கைபிடியைச் சுற்றினாள். ஐயா போய்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டார். விட்ட வகுப்பில்தான் இருத்தலாம், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கவேண்டும் என்றார்கள். அக்கா மாட்டேன் என்றாள். நான் அவளுக்காக ஆத்திரப்பட்டேன், அவள் படவில்லை. முற்றத்திலும் ஒழுங்கையிலும் வண்டி ஓடினாள், ஐயாவுக்குத் தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் சொல்லித்தந்து நான் கணக்கில் சித்தியடைந்தேன், பல்கலைக்கழகம் போனேன், முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தேன். எனக்கு அவளுடைய மூளையில் கால்வாசி இல்லை. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, மனம் எரிந்துதான் சொல்கிறேன்.

அம்மா அந்தச் சடங்கோடு வீட்டில் உழுத்தங்களி கிண்டுவதை விட்டுவிட்டா. ஏன் என்று நான் வளர்ந்தபிறகுதான் கேட்டேன். "நான்தானடி அவசரப்பட்டு முட்டையும் களியும் தீத்தினனான். கை நீளட்டும் எண்டு தீத்தினன். அது வேறை வேலை செய்துபோட்டுது. நான் சும்மா விட்டிருந்தால் பிள்ளை ஒரு வரியம் எண்டாலும் கூடப் படிச்சிருக்கும்," என்றா. அப்படி ஒன்றுமில்லை, களி தின்று ஒருவரும் நேரத்தோடு பெரிய பிள்ளையாவதில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவ கேட்கவில்லை. அந்தப் பாரத்தோடேயே போய்ச் சேர்ந்தா. மாமா தன் பங்கை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததாய்த் தெரியவில்லை. நல்ல மனிதர், அக்காவில் உயிரையே வைத்திருந்தார், ஒவ்வொரு வருசப்பிறப்புக்கும் அவளுக்குத்தான் முதல் கைவிசேடக் காசு. அவரை வெறுக்கக்கூட எனக்கு வழியில்லை.

சண்டையில் நாங்கள் இடம்பெயர்ந்த நேரம் அந்த வண்டியும் போனது. மழைக்குள் அக்காவையும் அரிசிச் சாக்கையும் ஆரோ இரண்டு பிள்ளைகளையும் ஏற்றித் தென்மராட்சி மட்டும் தள்ளிக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது சங்கிலி அறுந்து, சில்லு நெளிந்து, அங்கேயே ஒரு வீட்டு வேலியோரம் விட்டுவிட்டு வந்தோம். அக்கா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பச்சை நிறம் எப்போதோ போய் முழுக்கத் துருவாய் நின்றது.

போனில் கதைத்த மகன் அதோடு விடவில்லை. பட்டணத்தில் சைக்கிளுக்கு மோட்டர் பூட்டிக் கொடுக்கிற ஒரு கடையோடு கதைத்து, அங்கிருந்து ஒரு பொடியனைப் போன கிழமை வீட்டுக்கே அனுப்பிவிட்டான். நல்ல மரியாதையான பிள்ளை. போனில் படங்கள் காட்டினான். மோட்டர் முன்சில்லில் பூட்டுவதா பின்னுக்குப் பூட்டுவதா, உழக்கிற இடத்தைக் கழற்றிவிட்டுக் கால் வைக்கத் தட்டு அடிக்கலாமா, வேகத்துக்குக் கையால் திருகுவதா பெருவிரலால் அமத்துவதா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டான். எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். அக்கா வாசற்கதவடியில் நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றே நான் பயந்துகொண்டிருந்தேன்.

"பற்றறி மூண்டு அளவில இருக்கு," என்றான் அவன். "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுவியள் எண்டதைப் பொறுத்துத்தான் எடுக்கவேணும்."

கோயில், சந்தை, மருந்துக்கடை என்று நான் அடுக்கத் தொடங்கினேன். அவன், "ஓடப்போறது நீங்களோ, அன்ரி?" என்று கேட்டான். நான் அக்காவைக் காட்டினேன். அவன் எழும்பிப்போய் அவளுக்கு முன்னால் குந்தியிருந்து, "எவ்வளவு தூரம் போகவேணும், அம்மா?" என்று கேட்டான்.

அக்கா யோசிக்கவேயில்லை. "போக ஒண்டரைக் கட்டை. வர ஒண்டரைக் கட்டை," என்றாள்.

கட்டை என்றால் மைல் என்று நான் அவனுக்கு விளங்கப்படுத்தினேன்.

"ரோட்டு எப்பிடி, அம்மா? ஏத்தம் ஏதும் இருக்கோ?"

"ஒழுங்கை முடியுமட்டும் செம்மண். மாரிக்குச் சில்லுப் புதையும். பிறகு தார் ரோட்டு. மதகடியில மட்டும் கொஞ்சம் ஏத்தம். அது கழிஞ்சால் நேரே வாசல்தான்."

உடுவிலில் எங்கள் வீட்டைச் சுற்றிச் செம்மண் ஒழுங்கையும் இல்லை, மதகும் இல்லை. அவள் சொன்னது உரும்பிராய் வீட்டுப் படலையிலிருந்து அவளுடைய பள்ளிக்கூடம் மட்டுமான வழி. அந்த வழியால் அவள் போய் ஐம்பது வருடத்துக்கு மேல். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அவன் போனில் தட்டிக் கணக்குப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"போய் வர அஞ்சு கிலோமீற்றர்கூட வராது, அம்மா. ஆகச் சின்னப் பற்றறியே மிஞ்சும். உது ஒரு தூரமே?"

"ஓம், தம்பி," என்றாள் அக்கா. "உது ஒரு தூரமில்லைத்தான்."